நான்கு சென்னைகள்

"சார், சிக்னல்கிட்ட நிக்கிறேன். இங்கேர்ந்து எப்படி வரணும்?"

"மூணு தெரு தள்ளி வா தம்பி. அப்புறம் ரெண்டு தெரு உள்ளே."

"எந்தப் பக்கம் சார்?"

கூரியர் கொண்டுவரும் பையனோடு இப்படிப் பேசாத வீடு நகரத்தில் இருக்காது. வழி சொல்பவருக்கு எல்லாம் தெளிவு. பத்து வருடமாக நடந்த பாதை, கால் தானே திரும்பும். கேட்பவரோ நாலு ரோடு சந்திக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு விழிக்கிறார். மூன்று தெரு என்றால் கிழக்கேயா, மேற்கேயா? இரண்டு தெரு உள்ளே என்றால் வடக்கேயா, தெற்கேயா? கிழக்கே போய் வடக்கே திரும்பினால் ஒரு வீடு, தெற்கே திரும்பினால் வேறு வீடு. மேற்கே போனாலும் அதே மாதிரி இரண்டு. மூன்று, இரண்டு என்ற எண்களில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அவற்றுக்கு நான்கு வீடுகள் பொருந்துகின்றன, பார்சல் ஒன்றுதான்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'புள்ளி எந்தக் காற்பகுதியில் அமையும்?' என்று ஒரு கேள்வி வரும். இரண்டு கோடு போட்டு, நான்கு கட்டம் பிரித்து, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று பெயர் வைத்து, மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பிறகு நாம் அதை மறந்துவிட்டோம். அந்தக் கேள்வியும் கூரியர் பையனின் கேள்வியும் ஒன்றேதான்.

ஒரு ஊரே இப்படி

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு 1791-இல் திட்டம் வரைந்தவர் பியேர் லான்ஃபான் என்ற பிரெஞ்சுக்காரர். அந்த நகரத்தின் தெருக்கணக்கு கேப்பிட்டல் எனப்படும் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து கிழக்கே போனால் தெருக்களுக்கு எண்: முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு. மேற்கே போனாலும் மறுபடி முதல் தெரு, இரண்டாம் தெரு. வடக்கே போனால் எழுத்துகள்: சி தெரு, டி தெரு. தெற்கே போனாலும் அதே எழுத்துகள்.

விளைவு என்ன? "நான்காம் தெருவும் டி தெருவும் சந்திக்கும் முனைக்கு வா" என்று அங்கே ஒருவர் சொன்னால், அப்படிப்பட்ட முனைகள் நான்கு உண்டு. கேப்பிட்டலின் நான்கு மூலைப்பக்கமும் ஒவ்வொன்று. அதனால் அந்த ஊர் முகவரிகளின் வாலில் வடகிழக்கு, வடமேற்கு, தென்மேற்கு, தென்கிழக்கு என்ற நான்கில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளை மாளிகையின் முகவரி கூட 'வடமேற்கு' என்றுதான் முடிகிறது. ஊர்க்காரர்கள் இந்த நான்கு பாகங்களையும் 'குவாட்ரன்ட்' என்றே அழைக்கிறார்கள். நம் பாடப்புத்தகச் சொல்லில் காற்பகுதி.

காற்பகுதி என்பதில் உள்ள 'கால்', கால் கிலோவில் வரும் அதே கால்தான். ஆனால் எதில் கால்? பரப்பில் அல்ல. வாஷிங்டனில் வடமேற்குப் பாகம் மிகப் பெரியது, தென்மேற்கு மிகச் சிறியது. கேப்பிட்டலில் நின்று ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். அந்தச் சுற்றில் ஒவ்வொரு பாகத்துக்கும் சரியாகக் கால் சுற்று கிடைக்கும். காற்பகுதி என்பது சுற்றில் கால்.

பல்லியும் மின்விசிறியும்

வாஷிங்டன் திசைப் பெயர்களால் சொல்வதைக் கணிதம் ஒரு சின்னக் கோட்டால் சொல்கிறது: கழித்தல் குறி. அது எப்படித் திசையாகிறது என்று பார்க்க, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். மேலே கூரையில் ஒரு பல்லி.

அந்தப் பல்லி இருக்கும் இடத்தைத் தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். அறையின் ஒரு மூலையிலிருந்து அளந்தால் வேலை சுலபம். இந்தச் சுவரிலிருந்து இத்தனை அடி, அந்தச் சுவரிலிருந்து இத்தனை அடி, முடிந்தது. பல்லி சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகப்போவதில்லை. ஆகவே எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழாது.

இப்போது மூலையை விட்டுவிட்டு, நடுக்கூரையில் மின்விசிறி தொங்கும் கொக்கியிலிருந்து அளப்போம். கொக்கியிலிருந்து இரண்டு அடி, மூன்று அடி என்றால் போதாது. இடக்கைப் பக்கமா வலக்கைப் பக்கமா, தலைமாட்டுப் பக்கமா கால்மாட்டுப் பக்கமா என்று சொல்லியாக வேண்டும். ஓர் ஏற்பாடு செய்துகொள்வோம். வலக்கைப் பக்கம் போனால் எண்ணை அப்படியே எழுதுவது. இடக்கைப் பக்கம் போனால் முன்னால் கழித்தல் குறி போடுவது. தலைமாட்டுப் பக்கம் அப்படியே. கால்மாட்டுப் பக்கம் கழித்தல். இடப்பக்கம் இரண்டடி, தலைமாட்டுப் பக்கம் மூன்றடி தள்ளி இருக்கும் பல்லியின் முகவரி இப்போது (−2, 3).

பள்ளிக்கூடத்துச் சொற்கள் எல்லாம் இந்த அறைக்குள்ளேயே இருக்கின்றன. கொக்கிதான் ஆதிப்புள்ளி. அதன் வழியே இடவலமாக ஓடும் கோடு கிடை அச்சு. ஆசிரியர் எக்ஸ் அச்சு என்பார். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஓடுவது செங்குத்து அச்சு, அதாவது ஒய் அச்சு. பல்லியின் இரண்டு எண்களுக்கும் ஆயத்தொலைவுகள் என்று பெயர்; இலங்கைப் புத்தகங்களில் ஆள்கூறுகள். முதலில் இடவலம், பிறகு மேல்கீழ் என்ற வரிசை மாறக் கூடாது என்பதால் அந்த இணையை வரிசைச் சோடி என்கிறோம்.

கழித்தல் குறியைப் பார்த்ததும் 'குறைவு' என்று மனம் சொல்லிவிடுகிறது. வங்கிக் கணக்கில் அது சரி. இங்கே −2 என்பது, பல்லி பூஜ்யத்தை விடக் குறைந்த தூரத்தில் இருக்கிறது என்று சொல்லவில்லை. தூரம் இரண்டடிதான், பக்கம்தான் எதிர். ஆயத்தொலைவில் எண் 'எவ்வளவு' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது, குறி 'எந்தப் பக்கம்' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது.

இது பிடிபட்டால் காற்பகுதி கண்டுபிடிப்பது குழந்தை விளையாட்டு. எண்களை விரலால் மறைத்துக்கொண்டு குறிகளை மட்டும் பாருங்கள். இரண்டும் மிகை என்றால் முதல் காற்பகுதி. முதல் எண் குறை, இரண்டாவது மிகை என்றால் இரண்டாம் காற்பகுதி. இரண்டும் குறை என்றால் மூன்றாவது. முதல் எண் மிகை, இரண்டாவது குறை என்றால் நான்காவது. (−2, 3) இரண்டாம் காற்பகுதி. (−9000, 0.01) என்ற புள்ளி எங்கோ தொலைவில், அச்சுக்கு மயிரிழை மேலே கிடந்தாலும் அதுவும் இரண்டாம் காற்பகுதிதான்.

ஏன் நான்கு, ஏன் ஐந்து இல்லை? கேள்விகள் இரண்டு: வலமா இடமா, மேலா கீழா. ஒவ்வொன்றுக்கும் பதில் இரண்டு. இரண்டு இரண்டாக நான்கு. பல்லி கூரையை விட்டு இறங்கி, அடுக்குமாடியின் மேல்தளத்துக்கோ கீழ்தளத்துக்கோ போகலாம் என்றால் மூன்றாவது கேள்வி சேரும், பகுதிகள் எட்டாகிவிடும். ஒவ்வொரு புதிய கேள்வியும் பகுதிகளை இரட்டிப்பாக்கும்.

ஒரே எண்கள், நான்கு ஊர்கள்

இனி கூரையை விட்டுப் பூமிக்கு வருவோம். உலக வரைபடத்தை விரித்தால் நிலநடுக்கோடு கிடை அச்சு. லண்டனின் கிரீனிச் வழியாக வடக்குத் தெற்காக ஓடும் தீர்க்கரேகை செங்குத்து அச்சு. 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் நாடுகள் அதைப் பொதுவாக ஏற்றன. இரண்டும் வெட்டிக்கொள்ளும் ஆதிப்புள்ளி, மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே கினி வளைகுடாவின் கடல்நீரில் இருக்கிறது. கிழக்கும் வடக்கும் மிகை, மேற்கும் தெற்கும் குறை.

சென்னையின் எண்கள்: கிழக்கே 80.27 பாகை, வடக்கே 13.08 பாகை. எண்களைத் தொடாமல் குறிகளை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

இரண்டும் மிகை: மெரினா, மயிலாப்பூர், நம் ஊர். முதல் காற்பகுதி.

கிழக்கை மேற்காக்கினால், அதாவது −80.27 என்று எழுதினால், 'சென்னை' மத்திய அமெரிக்காவுக்குப் போய்விடுகிறது. நிகராகுவா நாட்டின் கிழக்குக் கரைக்கு அப்பால் கரீபியன் கடலில் மிதக்கிறது. இரண்டாம் காற்பகுதி.

வடக்கையும் தெற்காக்கினால் பசிபிக் பெருங்கடல். தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையிலிருந்து சில நூறு கி.மீ. மேற்கே. மூன்றாம் காற்பகுதி.

கிழக்கை அப்படியே விட்டு வடக்கை மட்டும் தெற்காக்கினால், சென்னையிலிருந்து நேர் தெற்கே சுமார் 2,900 கி.மீ., இலங்கையையும் நிலநடுக்கோட்டையும் தாண்டி, இந்தியப் பெருங்கடலின் நடுவே. நான்காம் காற்பகுதி.

நான்கு சென்னைகள், அவற்றில் மூன்று கடலுக்குள். எண்களில் ஒரு தசமம் தவறினால் தெரு மாறும். குறி தவறினால் கண்டமே மாறும்.

வரிசையைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. கணக்கு வகுப்பில் கிடை எண் முதலில் வரும். கைப்பேசி வரைபடங்களிலோ அட்சரேகை, அதாவது வடக்குத் தெற்கு, முதலில் வருவதுதான் வழக்கம். இரண்டையும் குழப்பிச் சென்னையின் எண்களை இடம் மாற்றி எழுதினால் வடக்கே 80.27, கிழக்கே 13.08. ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே உறைபனிக் கடலில் குத்திட்டு நிற்கும். காற்பகுதி என்னவோ மாறவில்லை, இரண்டும் மிகைதான். குறியைச் சரிபார்ப்பது ஒரு வேலை, வரிசையைச் சரிபார்ப்பது வேறொரு வேலை.

இந்தத் தொல்லை நமக்கு அதிகம் பழக்கமில்லாததற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியா முழுவதும் முதல் காற்பகுதிக்குள் அடங்குகிறது. இலங்கையும் மலேசியாவும் சிங்கப்பூரும் அப்படியே. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை எந்த இடத்தின் எண்களிலும் கழித்தல் குறியைப் பார்க்க மாட்டோம். டொரோண்டோவில் இருக்கும் தமிழர் இரண்டாம் காற்பகுதியில் வாழ்கிறார், மொரீஷியஸிலும் டர்பனிலும் இருப்பவர்கள் நான்காவதில். லண்டன் தமிழரின் நிலைதான் வேடிக்கை. கிரீனிச் கோடு அந்த நகரத்தின் ஊடே போவதால் ஈஸ்ட்ஹாமில் இருப்பவர் நம்மோடு முதல் காற்பகுதியில் இருக்கிறார். வெம்ப்ளியிலும் டூட்டிங்கிலும் இருப்பவர்கள் இரண்டாவதில். வெம்ப்ளி விளையாட்டரங்கத்தின் கிடை எண் −0.28-க்கு அருகில். அந்தக் குறியை விட்டுவிட்டு எழுதினால், சுமார் 40 கி.மீ. கிழக்கே தள்ளி எசெக்ஸ் பக்கம் போய் இறங்கும்.

கோட்டின் மேல் நிற்பவர்

அப்படியென்றால் கோட்டின் மேலேயே நிற்பவர் எந்தக் காற்பகுதி? எதிலும் இல்லை. நாலு ரோட்டின் நான்கு முனைகளிலும் கடைகள் இருக்கலாம். சாலையின் நடுவே நிற்கும் மாடு எந்தக் கடைக்கும் சொந்தமில்லை. இரண்டு எண்களில் ஒன்று பூஜ்யமாக இருந்தால் புள்ளி அச்சின் மேல் இருக்கிறது. (5, 0) கிடை அச்சின் மேல்; (0, −4) செங்குத்து அச்சின் மேல். இரண்டும் பூஜ்யம் என்றால் ஆதிப்புள்ளி. தேர்வில் இதை 'முதல் காற்பகுதி' என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். பூஜ்யத்துக்குக் குறி கிடையாது. 'எந்தப் பக்கம்' என்ற கேள்விக்கு அது பதிலே சொல்வதில்லை.

கோடு என்பது நாம் போட்டது என்பதையும் மறக்கக் கூடாது. கிரீனிச் வான்நோக்ககத்தின் முற்றத்தில் தீர்க்கரேகையைக் காட்டும் கோடு பதித்திருக்கிறார்கள். அதன் இருபுறமும் காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளாத சுற்றுலாப் பயணி குறைவு. ஆனால் கோட்டின் மேல் நின்று கைப்பேசியைப் பார்த்தால் பூஜ்யம் காட்டாது, மேற்கே 0.0015 பாகையைக் காட்டும். செயற்கைக்கோள்கள் ஏற்கும் பூஜ்யக் கோடு அங்கிருந்து சுமார் 102 மீட்டர் கிழக்கே, பூங்காவின் புல்வெளியில் ஓடுகிறது.

காரணம் புவியீர்ப்பில் இருக்கிறது. பழைய வானியலாளர்கள் தங்கள் தொலைநோக்கியைச் செங்குத்தாக நிறுத்த, அசையாத பாதரசப் பரப்பை நம்பினார்கள். பூமி எங்கும் ஒரே சீராக இல்லாததால் அந்த இடத்தின் ஈர்ப்புத் திசை, பூமியின் மையத்தை நோக்கி இம்மியும் பிசகாமல் இருப்பதில்லை. செயற்கைக்கோள்களோ பூமியின் நிறை மையத்தையே ஆதாரமாகக் கொள்கின்றன. இரண்டு 'செங்குத்து'களுக்கும் இடையிலான அந்தச் சிறு சாய்வுதான் தரையில் 102 மீட்டராக விரிகிறது என்று 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு விளக்கியது. கோட்டில் நிற்பதாக நினைத்துப் படம் எடுத்துக்கொண்டவர் உண்மையில் இரண்டாம் காற்பகுதியில் நின்றிருந்தார்.

இடஞ்சுழியும் பற்களும்

கோவிலில் பிரகாரம் சுற்றுவது வலஞ்சுழியாக. கடிகார முள்ளும் அப்படியே. காற்பகுதிகளின் எண்வரிசை மட்டும் இடஞ்சுழி: வலது மேல் மூலையில் ஒன்று, இடது மேல் இரண்டு, இடது கீழ் மூன்று, வலது கீழ் நான்கு. படிக்கிற பிள்ளைக்கு இது வேண்டுமென்றே குழப்புவது போலத் தோன்றும்.

இது கோணத்தோடு வந்த வழக்கம். கணிதத்தில் கோணத்தை, வலப்பக்கம் நீளும் கிடை அச்சில் தொடங்கி இடஞ்சுழியாக அளக்கிறார்கள். வலப்பக்கம் நீட்டிய கையை மெல்ல மேலே தூக்குங்கள். 90 பாகை வரை கை முதல் காற்பகுதியில் இருக்கிறது. 180 வரை இரண்டாவதில். 270 வரை மூன்றாவதில். 360 வரை நான்காவதில். கை கடந்துபோகும் வரிசையே எண்வரிசை. கோணத்தை வலஞ்சுழியாக அளப்பது என்று முன்னோர் முடிவு செய்திருந்தால் எண்வரிசையும் மாறியிருக்கும். கணிதம் ஒன்றும் இடிந்துவிழாது.

மாறியிருக்கும் இடத்தைப் பார்க்கப் பல் மருத்துவரிடம் போனால் போதும். வாயைத் திறக்கச் சொல்லி, உதவியாளரிடம் "மூணு ஆறு" என்று சொல்வார். முப்பத்தாறாவது பல் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதருக்கு நிரந்தரப் பற்கள் 32-தான். முதல் இலக்கம் காற்பகுதி, இரண்டாம் இலக்கம் நடுவிலிருந்து எண்ணினால் எத்தனையாவது பல் என்பது. மூன்றாம் காற்பகுதியின் ஆறாவது பல், அதாவது இடது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்.

வாயிலும் இரண்டு கேள்விகள்தான்: மேல்தாடையா கீழ்த்தாடையா, வலமா இடமா. வலது மேல் ஒன்று, இடது மேல் இரண்டு, இடது கீழ் மூன்று, வலது கீழ் நான்கு. கேட்டால் கணக்குப் புத்தகம் மாதிரியே இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இங்கே வலம் இடம் என்பவை நோயாளியுடையவை. எதிரே குனிந்து பார்க்கும் மருத்துவருக்கு நோயாளியின் வலது, தன் இடதுபுறம் தெரியும். அவர் கண்ணுக்கு எண்வரிசை இடது மேலிருந்து தொடங்கி வலஞ்சுழியாக ஓடுகிறது. பால்பற்களுக்கு அதே நான்கு பகுதிகளை ஐந்து முதல் எட்டு வரை எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள். யாருடைய வலம் என்று தீர்மானிக்காவிட்டால் நல்ல பல்லைப் பிடுங்கும் அபாயம் இருக்கிறது. அதனால் அங்கே இந்த விதிக்குக் கடுமை அதிகம்.

கைப்பேசித் திரையும் தனி வழியில் போகிறது. அதன் ஆதிப்புள்ளி இடது மேல் மூலை. கீழே போகப் போகச் செங்குத்து எண் கூடும். பழைய தொலைக்காட்சிக் குழாயில் மின்னணுக் கற்றை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படம் வரைந்த வழக்கம் அது. கணக்குப் புத்தகத்தை மனதில் வைத்து முதன்முதலாக விளையாட்டுச் செயலி எழுதுகிறவர், மேலே எறிந்த பந்து கீழே பாய்வதைப் பார்த்துத் திகைப்பார்.

மல்லிகைப் பூவாகிவிட்ட இலை

இவ்வளவு எளிதான விஷயம் தோன்றிய நாளிலேயே எல்லோருக்கும் புரிந்திருக்கும் என்றுதான் நினைப்போம். நடந்தது அதுவல்ல.

இந்தத் தளத்துக்குக் கார்ட்டீசியன் தளம் என்று பெயர். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே தேக்கார்த்தின் லத்தீன் பெயரான கார்ட்டீசியஸிலிருந்து வந்தது. படுக்கையில் கிடந்தபடி கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்தார், சுவர்களிலிருந்து அதன் தூரத்தை அளக்கத் தோன்றியது என்ற கதை உலகெங்கும் வகுப்பறைகளில் உலவுகிறது. அவர் எழுதிய நூலில் அந்த ஈ இல்லை. 1637-இல் லைடன் நகரில் வெளியான 'ஜியோமெட்ரி' என்ற அந்த நூலின் படங்களைப் புரட்டினால் இன்னொன்றும் இல்லாதது தெரியும்: சிலுவைக்குறி போல வெட்டிக்கொள்ளும் நம் இரண்டு அச்சுகள். ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து, அதிலிருந்து இன்னொரு திசையில் நீளங்களை அளக்கிறார், அவ்வளவுதான். ஏறக்குறைய அதே காலத்தில் அதே யோசனைக்குத் தனியாக வந்துசேர்ந்த பியேர் டி ஃபெர்மாவின் கதையும் அதுவே.

ஈக் கதை பொய்யானாலும் ஒன்றைச் சரியாகப் பிடித்துவைத்திருக்கிறது. சுவர் மூலையிலிருந்து அளப்பவருக்குக் கழித்தல் குறி தேவைப்படாது. தேக்கார்த் உண்மையிலேயே மூலையிலிருந்து அளந்தவர்தான். சமன்பாட்டுக்குக் குறை எண் விடையாக வந்தால் அதைப் 'பொய்' மூலம் என்று பெயரிட்டு ஒதுக்கினார். பொய்யை எப்படி வரைவது?

அந்தக் கேள்வி அவருக்கு ஒரு வளைகோட்டின் உருவில் வந்து சேர்ந்தது. 1638-இல் அவரே ஆராய்ந்தது. விதி இதுதான்: ஒரு புள்ளியின் இரண்டு எண்களையும் தனித்தனியே மும்முறை பெருக்கிக் கூட்ட வேண்டும், அந்தக் கூட்டுத்தொகை, இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கி மூன்று மடங்காக்கியதற்குச் சமமாக இருக்க வேண்டும். உதாரணம் (1.5, 1.5). 1.5-ஐ மும்முறை பெருக்கினால் 3.375, இரண்டையும் கூட்டினால் 6.75. மறுபக்கம் 1.5-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 2.25, மூன்று மடங்கு 6.75. சரியாக வந்துவிட்டது. இப்படிப் பொருந்தும் மிகைப் புள்ளிகளை எல்லாம் சேர்த்தால் முதல் காற்பகுதியில் அழகான இலை ஒன்று விரிகிறது. காம்பு ஆதிப்புள்ளியில், நுனி (1.5, 1.5)-இல். அதனால் இன்றும் அதன் பெயர் தேக்கார்த்தின் இலை.

மற்ற மூன்று காற்பகுதிகளில் என்ன நடக்கிறது? தேக்கார்த் அங்கும் அதே இலை திரும்ப வரும் என்று எண்ணிவிட்டார். கோலம் போடுகிறவர்கள் ஒரு மூலையில் இழுத்த இழையை மற்ற மூன்று மூலைகளிலும் இழுத்து முடிப்பது போல. அந்தக் காலத்து இன்னொரு கணித அறிஞரான ரோபர்வாலும் அப்படியே நம்பினார். நான்கு இலை சேர்ந்தால் நான்கு இதழ்ப் பூ. அதற்கு 'மல்லிகைப் பூ' என்றே பெயர் வைத்தார்கள்.

அந்த மல்லிகை இல்லாத பூ. சரிபார்க்க நமக்கு இரண்டு நிமிடம் போதும். மூன்றாம் காற்பகுதியில் இலை இருந்தால் அதன் நுனி (−1.5, −1.5). குறை எண்ணை மும்முறை பெருக்கினால் குறை எண்ணே வரும், கூட்டினால் −6.75. மறுபக்கம் இரண்டு குறை எண்களைப் பெருக்குகிறோம், மிகை வரும், மூன்று மடங்கு +6.75. சமம் இல்லை. இந்தப் புள்ளி மட்டுமா என்றால், மூன்றாம் காற்பகுதியில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் ஒரு பக்கம் குறை, மறுபக்கம் மிகை. ஆகவே அங்கே வளைகோடு நுழையவே முடியாது. அந்தக் காற்பகுதி வெறுமை. இரண்டாவதையும் பார்த்துவிடலாம்: (−1.5, 1.5). கூட்டினால் பூஜ்யம்; மறுபக்கம் −6.75. அங்கேயும் இலை இல்லை. ஆனால் வெறுமையும் இல்லை. இரண்டாம், நான்காம் காற்பகுதிகளில் இலையின் காம்பிலிருந்து இரண்டு வால்கள் கிளம்பி, எதிரெதிராக முடிவின்றி நீண்டு போகின்றன. ஆக இலை ஒன்று, வால் இரண்டு, வெற்றிடம் ஒன்று. மல்லிகை எங்கும் இல்லை.

குறை எண்களைப் பெருக்கும் விதி அப்போது உலகத்துக்குப் புதிதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, 628-இல் பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் சொத்தாகவும் குறை எண்ணைக் கடனாகவும் வைத்து, கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து என்று விதி எழுதிவிட்டார். அந்த விதிப்படி நடக்கும் எண்களுக்குக் காகிதத்தில் ஓர் இடம் உண்டு, அது கோட்டின் மறுபக்கம் என்ற எண்ணம்தான் ஐரோப்பாவில் பழுக்க நாள் எடுத்தது. இலையின் முழு வடிவத்தை 1692-இல் ஹைகன்ஸ் என்ற கணித அறிஞர் சரியாக வரைந்தார். தேக்கார்த்தின் ஆய்வுக்கும் அதற்கும் இடையே 54 ஆண்டுகள்.

பிறகு நியூட்டன். 1704-இல் அவரது 'ஆப்டிக்ஸ்' நூலின் பின்னிணைப்பாக, மூன்றாம் படி வளைகோடுகளின் பட்டியல் ஒன்று வெளிவந்தது. 72 வகைகள். தேக்கார்த்தின் இலையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இவ்வளவு வளைகோடுகளையும் வகைபிரிக்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் இலையாகிறது, எந்தப் பக்கம் வாலாகிறது, எந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை என்று தெரிந்தாக வேண்டும். நியூட்டன் குறை எண்களைத் தயங்காமல் அச்சின் மறுபக்கத்தில் வைத்து நான்கு காற்பகுதிகளிலும் வரைந்தார். நாம் ஒன்பதாம் வகுப்பில் அடிக்கோல் வைத்துப் போட்ட அந்தச் சிலுவைக்குறி, பெரிய பெரிய மூளைகள் ஒரு பூவைத் தவறாக வரைந்து கற்றுக்கொண்டது.

விடையைச் சரிபார்க்கும் கருவியாகக் காற்பகுதிக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஒரு வளைகோட்டை வரையும் முன், ஒரு எண்ணையும் கணக்கிடாமல், குறிகளை மட்டும் போட்டுப் பாருங்கள். இரு பக்கமும் குறி ஒத்துப்போகாத காற்பகுதியை அடித்துவிடலாம்; அங்கே தேடுவது வீண். வரைபடத்தில் இடம் குறிக்கும் முன்பும் அதேதான். தமிழ்நாட்டு ஊர் ஒன்றின் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி தெரிந்தால், ஊர் எது என்று பார்க்கும் முன்பே பிழை என்று சொல்லிவிடலாம்.

சிக்னல் அருகே வண்டியை நிறுத்திவிட்டு நிற்கும் அந்தப் பையனுக்கு இத்தனை கதையும் தெரியாது. ஆனால் மூன்று, இரண்டு என்ற எண்களைக் கேட்டதும் அவன் பூ வரையக் கிளம்பவில்லை.

"எந்தப் பக்கம் சார்?" என்றான்.

"கிழக்கே மூணு, வடக்கே ரெண்டு தம்பி. பச்சை கேட்டு."